சத்தம் இல்லாத டிவி

பாபு,

போன வியாழக்கிழமை பொன்னேரியில் டாக்டரம்மா கேட்ட இரண்டு கேள்விகளுக்கு நீ சொன்ன இரண்டு பதில்களும் பொய். தெரிந்து நீ பொய் சொல்லவில்லை. இரண்டும் நான் உன் வாயில் வைத்தவை. பக்கத்து நாற்காலியில் பேத்தி கிருபாவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த நான் தலையை மட்டும் ஆட்டினேன். வாயைத் திறக்கவில்லை. இப்போது திறக்கிறேன். போனில் சொன்னால் பாதியில் நீ வைத்துவிடுவாய். நேரில் சொன்னால் பாதியில் நான் கத்திவிடுவேன். எழுத்தில் இரண்டு பேருக்கும் அந்த வசதி இல்லை. நான் ஐந்தாவது வரைதான் படித்தவன், மிச்சமெல்லாம் டீக்கடைப் பேப்பரிலும் சங்கத்துக்கு நோட்டீஸ் எழுதிக் கொடுத்ததிலும் கற்றுக்கொண்டது. ஆகவே அலங்காரம் எதிர்பார்க்காதே. மருமகள் செல்வியும் படிக்கட்டும். அவளிடம் மறைக்க இதில் ஒன்றுமில்லை. மறைத்து மறைத்துத்தான் இங்கே வந்து நிற்கிறோம்.

அன்றைக்கு நடந்ததை ஒருமுறை திரும்பச் சொல்கிறேன், நீ மறந்திருந்தால் நினைவு வரட்டும். குழந்தைக்குக் காது நன்றாகக் கேட்கிறது என்று பரிசோதனைத் தாளில் வந்திருந்தது. இரண்டே முக்கால் வயதாகியும் ஒரு சொல் இல்லை, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவதில்லை என்று செல்வி அழுதுகொண்டே சொன்னாள். டாக்டரம்மா உன்னைப் பார்த்துக் கேட்டார்: "நீங்க சின்ன வயசுல லேட்டா பேசினீங்களா?" நீ சிரித்தாய். "இல்ல மேடம், எட்டு மாசத்துலயே பேசிட்டேனாம். எங்க நைனா எல்லார்கிட்டயும் பெருமையா சொல்லுவாரு." அடுத்த கேள்வி, பகலில் குழந்தை யாரோடு இருக்கிறது என்பது. "தாத்தா கூடத்தான் மேடம். நாள் பூரா எதாவது பேசிக்கினே இருப்பாரு." டாக்டரம்மா என்னைப் பார்த்து, "அப்படியா பெரியவரே, நல்லது" என்றார். அப்போதுதான் நான் தலையை ஆட்டினேன். காரணம் இதுதான் என்று இப்போதே சொல்ல முடியாது, இன்னும் சில பரிசோதனைகள் இருக்கின்றன, பேச்சுப் பயிற்சி கொடுக்கலாம் என்றெல்லாம் சொல்லிவிட்டு, "ஆனா டிவி, போன் ரெண்டையும் இன்னைக்கே நிறுத்துங்க. முகத்தைப் பார்த்துப் பேசுங்க" என்றார். நீ சரி என்றாய். வீட்டுக்கு வந்ததும் செருப்பைக் கழற்றும் முன்பே உன் கை ரிமோட்டைத் தேடியது. அதையும் நான் பார்த்தேன்.

மறுநாள் காலையில் நான் டிவி ஒயரைப் பிடுங்கி அலமாரி மேலே போட்டேன். கிருபா தரையில் படுத்துக் கத்தினாள். அவளுக்குக் குரல் இருக்கிறது, அந்தத் தெரு முழுக்கக் கேட்டது. நைட் ஷிஃப்ட் முடித்துப் படுத்திருந்த நீ கண் சிவக்க எழுந்து வந்தாய். "இன்னா நைனா பேஜாரு பண்ற? மனுசன் தூங்க வாணாவா?" என்றாய். டாக்டர் சொன்னாரே என்றேன். "டாக்டர் சொல்லுவாங்க. நானும் டிவி பாத்துதான வளந்தேன்? எனக்கு இன்னா கொறஞ்சு பூட்ச்சு?" என்று ஒயரை எடுத்து நீயே சொருகினாய். குழந்தை சட்டென்று அடங்கியது. "கொஞ்ச நாளு நீ உன் ஊட்ல போய் இரு" என்று என் பையை வாசலில் வைத்தாய். பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்தாள். நான் ரயிலேறி கும்மிடிப்பூண்டிக்கு வந்துவிட்டேன். நீ செய்தது தப்பு. எத்தனை நாளானாலும் நான் அதைத் தப்பு என்றுதான் சொல்வேன். ஆனால் நீ கேட்ட கேள்விக்குப் பதில் என்னிடம் இருக்கிறது. உனக்கு என்ன குறைந்துபோனது என்று கேட்டாயே, சொல்கிறேன்.

நீ பிறந்தபோது நாம் தொழிற்பேட்டைக்குப் பின்னால் வரிசை வீட்டில் இருந்தோம். ஆறு வீடு ஒரே சுவர், ஒரே ஆஸ்பெஸ்டாஸ் கூரை. ஒரு வீட்டுக்கு ஒரு அறை, அதே அறையின் மூலையில் அடுப்பு. நான் வேலை பார்த்த இரும்பு மில்லுக்கு முழுக் கரண்ட் ராத்திரியில்தான் கிடைக்கும் என்பதால் எனக்கு வருஷக்கணக்கில் நைட்தான். காலை ஏழுக்கு வந்து நாஷ்டா தின்றுவிட்டு எட்டுக்குப் படுத்தால் மூன்று மணிக்கு எழுந்திருப்பேன். அந்த ஏழு மணி நேரம் வீட்டில் கரண்டி சத்தம் கேட்கக் கூடாது. நான் வைத்த சட்டம் அது. ஏன் வைத்தேன் என்றும் சொல்ல வேண்டும். ரோலிங் மில்லில் சிவக்கக் காய்ந்த கம்பி ஒரு உருளையிலிருந்து அடுத்த உருளைக்கு ஓடும். தடம் மாறினால் எங்கே எகிறும் என்று யாருக்கும் தெரியாது, கிடுக்கியைப் பிடித்து நிற்பவன் கண் இமைக்கக் கூடாது. என்னோடு நின்ற முனுசாமிக்கு வீட்டில் மூன்று பிள்ளைகள், பகலில் தூக்கம் கிடையாது. ஒரு நாள் நின்றபடியே கண்ணசந்தான். கம்பி அவன் இடது தொடையைத் துளைத்துக்கொண்டு போனது. காலை எடுத்துவிட்டார்கள். அவனைத் தூக்கிக்கொண்டு ஓடிய நான்கு பேரில் நானும் ஒருவன். அன்றிலிருந்து எனக்குத் தூக்கம்தான் சாமி. உன் அழுகை எனக்குக் குழந்தையின் அழுகையாகக் கேட்கவில்லை, என் காலைக் கேட்கிற சத்தமாகக் கேட்டது.

போனஸ் வந்த வருஷம் ஒரு சின்ன டிவி வாங்கினேன். உனக்கு ஒன்றரை வயது. ஒரு நாள் பகலில் நீ அழுது தீர்த்தாய். உன் அம்மா உன்னைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே, "தோ, நைனா முழிச்சுக்கப் போறாரு" என்று கிசுகிசுத்துக்கொண்டிருந்தாள். நான் எரிச்சலோடு எழுந்து டிவியைப் போட்டேன். சத்தத்தைச் சுத்தமாகக் குறைத்து, உன்னை அதன் முன்னால் உட்கார வைத்தேன். யாரோ ஆடினார்கள், யாரோ வாயசைத்தார்கள். நீ அப்படியே அடங்கினாய். அன்றைக்கு நான் மூன்று மணி வரை அசையாமல் தூங்கினேன். அப்படி ஒரு தூக்கம் அதற்கு முன் எனக்கு வாய்த்ததில்லை. மில்லில் போய்ப் பெருமையாகச் சொன்னேன். "சூப்பர் ஐடியாபா! இது தெரியாம போச்சே" என்றார்கள். ஒரு மாதத்துக்குள் நம் வரிசையில் நைட் பார்க்கிற ஆள் இருந்த நான்கு வீட்டிலும் இதே வழக்கம் வந்துவிட்டது. காலை பத்து மணிக்கு அந்தப் பக்கம் நடந்தால், கதவிடுக்கில் அந்த நான்கு வீட்டிலும் படம் ஓடுகிற வெளிச்சம் தெரியும், ஒரு வீட்டிலும் சத்தம் இருக்காது. மற்ற பிள்ளைகளுக்குச் சாயங்காலம் தெரு இருந்தது, கூட விளையாட அண்ணன் தங்கை இருந்தார்கள். நீ ஒற்றைப் பிள்ளை. லாரி போகிற தெரு என்று உன்னை வெளியே விடவும் நான் சம்மதிக்கவில்லை. மூன்று மணிக்கு எழுந்த பிறகாவது உன்னோடு பேசினேனா? டிவிக்குச் சத்தம் வைத்து நான் பார்த்தேன்.

இரண்டரை வயதில் நீ ஒன்று செய்ய ஆரம்பித்தாய். உன் அம்மா எதிரில் வந்து உட்கார்ந்து, கையை ஆட்டி, புருவத்தைத் தூக்கி, உதட்டை வேகவேகமாக அசைப்பாய். கோபப்படுவாய், கெஞ்சுவாய், சிரிப்பாய். ஒரு துளி சத்தம் வராது. பேசுவது என்றால் இதுதான் என்று நீ நினைத்திருந்தாய், பாபு. வாயை அசைத்தால் போதும், அதற்குள் ஒலி என்று ஒன்று உண்டு என்று உனக்கு யாரும் காட்டவில்லை. நான் என்ன செய்தேன் தெரியுமா? சிரித்தேன். மில் ஆட்களைக் கூட்டி வந்து, "பாருங்கடா, நடிகன் பொறந்துருக்கான்" என்று உன்னை வாயசைக்கச் சொல்லிக் காட்டினேன். அவர்களும் சிரித்தார்கள். அவர்கள் போன பிறகு உன் அம்மா முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு அழுதாள். எனக்குத் தூக்கம் கெடக் கூடாது என்று அழுவதைக்கூட அவள் அந்த வீட்டில் அப்படித்தான் பழகியிருந்தாள். "இது நடிப்பு இல்லய்யா. புள்ள ஊமையாய்க்கினு வர்றான்" என்றாள். "உனக்கு எல்லாத்துக்கும் ஒப்பாரிதான்" என்று திரும்பிப் படுத்தேன்.

உனக்கு மூன்று முடிந்த மறுவாரம் அவள் ஒரு முடிவெடுத்தாள். காலை எட்டுக்கு நான் படுத்ததும் தூக்கில் சோறு கட்டிக்கொண்டு, உன்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு ரயில்வே ஸ்டேஷனுக்குப் போய்விடுவாள். நான் எழுகிற நேரத்துக்குத்தான் திரும்புவாள். அம்மாவுக்கு ரயில் என்றால் பைத்தியம் என்று உன் கல்யாணத்தில்கூட நீ சொல்லிச் சிரித்தாய். அவளுக்கு ரயிலும் கிடையாது ஒன்றும் கிடையாது. வாய்விட்டுப் பேச அவளுக்கு வேறு இடம் இல்லை. அந்த பெஞ்சில் உட்கார்ந்து ஏழு மணி நேரம் உன் முகத்தைப் பார்த்துப் பேசினாள். வருகிறவன் போகிறவன், மீன் கூடை, போர்ட்டர், நாய், எதைப் பார்த்தாலும் உன்னிடம் சொன்னாள். சொல்லிவிட்டு, நீ பதில் சொல்வாய் என்று நிறுத்திக் காத்திருப்பாளாம். கூடைக்காரி ஒருத்தி பிறகு என்னிடம் சொன்னாள்: "பதிலே வராத புள்ளகிட்ட அத்தினி நேரம் காத்துகினு இருந்த பொம்பளைய நான் பாத்ததே இல்ல."

எனக்கு அது அவமானமாக இருந்தது. காலையில் ஷிஃப்ட் முடிந்து வரும்போது டீக்கடையில் ஒருவன், "இன்னா மேஸ்திரி, உன் ஊட்டுக்காரி டெய்லி எந்த ரயிலுக்குக் காத்துகினு கீறா?" என்றான். கடையே சிரித்தது. அன்று மூன்று மணிக்கு அவள் வாசல்படி ஏறியதும் அடித்தேன். உன்னை இடுப்பில் வைத்திருந்தவளை அடித்தேன். இதை எழுதாமல் தாண்டிவிடலாம் என்று இரண்டு நாள் பேனாவை மூடி வைத்தேன், முடியவில்லை. அவள் அழவில்லை. உன்னை இறக்கி விட்டுவிட்டு, "இன்னொரு தபா அடிக்கணும்னா அடிச்சுக்கோ. நாளைக்கும் போவேன்" என்றாள். போனாள். அடுத்த நாளும் போனாள். ஐந்து மாதம் ஒரு நாள் விடாமல் போனாள். நான் பிடிவாதக்காரன் என்று ஊரில் பேர். அந்த ஐந்து மாதம் என் வீட்டில் என்னைவிடப் பெரிய பிடிவாதம் ஒன்று இருந்தது.

ஒரு நாள் ஓடி வந்தாள். மூன்று மணிகூட ஆகவில்லை, என்னைத் தட்டி எழுப்பினாள். கல்யாணமாகி அதுவரை அவள் என்னைத் தூக்கத்தில் எழுப்பியதே இல்லை. "பேசிட்டான்யா! முறுக்குக்காரி முறுக்கு நீட்டனா. வேணுமாடான்னேன். வேணாம்னு சொல்றான்! மொத வார்த்தையே வேணாம். உன் புள்ளதான்யா, சந்தேகமே இல்ல" என்று சிரித்தாள். நான் எழுந்து உட்கார்ந்து உன்னைப் பார்த்து, "எங்க, சொல்லுடா" என்றேன். நீ என்னைப் பார்த்தாய். வாயைத் திறந்து வேணாம் என்று அசைத்தாய். சத்தம் வரவில்லை. "சொல்லுடா" என்று அதட்டினேன். மறுபடியும் உதடு மட்டும் அசைந்தது. அதற்குப் பிறகு ஒன்றரை வருஷம் நீ அப்படித்தான் இருந்தாய். வெளியே போனால் குரல் வரும். வீட்டு வாசலைத் தாண்டி உள்ளே வந்ததும் போய்விடும். நான் விழித்திருக்கும்போதும் வராது. பள்ளிக்கூடம் போய், டீச்சர் பாட்டுச் சொல்லிக் கொடுத்து, அதை நீ மறந்துபோய் வீட்டில் பாடிவிட்டாய். அந்த நாளில்தான் முதல்முறையாக அழுகை அல்லாத உன் குரலை நான் கேட்டேன். உனக்கு ஐந்து வயது.

இதுதான் உனக்குக் குறைந்துபோனது. போனில் நீ என்னோடு ஒரு நிமிஷத்துக்கு மேல் பேசியதில்லை. சாப்டியா, மாத்திரை போட்டியா, சரி வைக்கிறேன். உன்னைக் கோபக்காரன் என்கிறாள் செல்வி. "மனசுல இருக்கிறத சொல்லவே மாட்டேங்கிறாரு மாமா, செவுத்துகிட்ட பேசுற மாதிரி இருக்குது" என்று என்னிடம் அழுதிருக்கிறாள். அந்தச் சுவரைக் கட்டிய மேஸ்திரி நான்தான். எட்டு மாதத்தில் பேசினாய் என்ற கதையையும் நான்தான் கட்டினேன். பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது கேட்டார்கள், சொன்னேன். பிறகு சொந்தக்காரர்களிடம் சொன்னேன். பெண் பார்க்கப் போன இடத்தில் செல்வியின் அம்மாவிடம் சொன்னேன். நான் அதைச் சொல்ல ஆரம்பித்ததும் ஒவ்வொரு தடவையும் உன் அம்மா எழுந்து வேறு பக்கம் போய்விடுவாள். ஒரு தடவைகூட மறுத்ததில்லை. கிருபா பிறக்கும் முன்பே அவள் போய்ச் சேர்ந்தாள். அவள் இருந்திருந்தால் அன்று அந்த டாக்டர் முன்னால் வேறு பதில் வந்திருக்கும்.

இனி இரண்டாவது பொய். நாள் பூரா குழந்தையோடு பேசுகிறேன் என்று உங்களிடம் நான் சொல்லிவைத்ததை நீ அப்படியே டாக்டரிடம் சொன்னாயே, அது. உன் அம்மா போன பிறகு இந்த வீட்டில் எனக்கு டிவி மட்டும்தான் துணை. காலையில் பல் துலக்கும் முன் போடுவேன், தூக்கம் வந்து தலை சாயும்போது நிறுத்துவேன். விவாத நிகழ்ச்சியில் கத்துகிறவர்களின் பெயர் எல்லாம் எனக்குத் தெரியும். எதிர்வீட்டில் புதிதாகக் குடிவந்தவன் பெயர் தெரியாது. பேப்பர் படிப்பது நின்றது. மூன்று வரிக்கு மேல் கண் நிற்காது. யாரைப் பார்த்தாலும் அவன் எந்தப் பக்கம் என்றுதான் புத்தி போகும். ஒரு நாள் முனுசாமி கட்டையை ஊன்றிக்கொண்டு வெயிலில் இவ்வளவு தூரம் வந்தான். "ஒரு விசயம் சொல்லணும்பா" என்றான். "தோ, குந்து. வெளம்பரம் போடட்டும்" என்றேன். விளம்பரம் வர நேரமாயிற்று. திரும்பிப் பார்த்தபோது நாற்காலி காலி. அவன் மனைவியை ஆஸ்பத்திரியில் சேர்த்திருப்பதைச் சொல்லத்தான் வந்தான் என்று அவள் செத்த பிறகு தெரிந்தது. துக்கத்துக்குப் போனேன். "வெளம்பரம் போட்டாங்களா?" என்று மட்டும் கேட்டான். அதற்குப் பிறகு என்னோடு பேசுவதில்லை. அவன் செய்தது சரி.

இப்படிப்பட்ட என்னைத்தான் நீயும் செல்வியும் போன வருஷம் குழந்தையைப் பார்த்துக்கொள்ள அழைத்துப் போனீர்கள். செல்வி விடியற்காலையில் கம்பெனி பஸ் ஏறிவிடுவாள். நீ எட்டு மணிக்கு வந்து படுப்பாய். உன் வீட்டில் பாதிச் சுவருக்கு டிவி. நான் கிருபாவை மடியில் வைத்துக்கொண்டு அதன் முன்னால் உட்காருவேன். நீ தூங்குகிறாய் என்று சத்தத்தைக் குறைத்தே வைப்பேன். குறைத்துவிட்டு, இதை எங்கேயோ செய்திருக்கிறோமே என்று ஒரு விநாடி தோன்றும். பிறகு செய்தி ஆரம்பித்துவிடும். என் நிகழ்ச்சி முடிந்தால் அவளுக்குப் புரியாத பாஷையில் ஓடுகிற பொம்மைப் பாட்டு. அவள் வாய்க்குள் சோறு போவது அவளுக்கே தெரியாது. நாள் பூரா நான் அவளிடம் பேசியது ஆ காட்டு, இந்தா, சும்மா இரு. அவ்வளவுதான்.

ஒன்று மட்டும் உங்கள் இருவரிடமும் நான் சொன்னதில்லை. கிருபாவுக்கு ஒன்றரை வயது இருக்கும்போது, மடியில் உட்கார்ந்திருந்தவள் எழுந்து நின்று, என் தாடையில் கை வைத்து என் முகத்தைத் தன் பக்கம் திருப்பினாள். திருப்பிவிட்டு "தா" என்றாள். ஏதோ ஒன்று என்னிடம் சொல்ல வந்தாள். திரையில் இரண்டு பேர் சண்டையின் உச்சத்தில் இருந்தார்கள். நான் அவள் கையை எடுத்துவிட்டுத் தலையை மறுபடி அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டேன். மறுநாளும் திருப்பினாள். எடுத்துவிட்டேன். ஒரு வாரமோ பத்து நாளோ செய்தாள். ஒரு நாள் நிறுத்திக்கொண்டாள். மடியில் சாய்ந்து அவளும் திரையைப் பார்க்க ஆரம்பித்தாள். சமர்த்தாகிவிட்டாள் என்று நான் செல்வியிடம் மெச்சினேன். அவளிடம் ஒரு சொல்லாவது இருந்தது பாபு. அந்தத் "தா" அதற்குப் பிறகு வரவே இல்லை. அது என்ன சொல், தாத்தாவா, தாவா, எனக்குத் தெரியாது. கேட்கிற ஆள் கேட்கவில்லை.

காரணம் வேறாக இருக்கலாம் என்று டாக்டரம்மா சொன்னார். இருக்கட்டும். பரிசோதனையில் என்ன வந்தாலும் அதற்குள்ள வைத்தியத்தைச் செய். ஆனால் எந்த வைத்தியமானாலும் அவளுக்கு ஒரு மனிதர் வேண்டும். டிவி நாள் முழுக்கப் பேசும், ஆனால் பதிலுக்கு நிற்காது. குழந்தை ஒன்று சொல்ல வாயெடுத்தால் அது அடுத்த காட்சிக்குப் போய்விடும். பத்து வருஷம் அதோடு உட்கார்ந்தவனும் அப்படியே ஆகிவிடுகிறான். நான் ஆகிவிட்டேன். நீ ஆகிக்கொண்டிருக்கிறாய். உன் வீட்டில் மூன்று பேரும் பஸ்ஸில் உட்கார்ந்த மாதிரி ஒரே பக்கம் பார்த்துக்கொண்டுதான் சாப்பிடுகிறீர்கள். செல்வி கம்பெனியில் மயங்கி விழுந்ததை நீ நான்கு நாள் கழித்து நான் சொல்லித்தான் தெரிந்துகொண்டாய். அவள் உன்னிடம் சொன்னாள். உன் காதில் விழவில்லை. அசதி என்பாய். எனக்குத் தெரியாத அசதியா? கம்பியும் நெருப்பும் தாங்கிய உடம்பு இது. அசதியைச் சாக்கு வைத்து ஒரு பிள்ளையின் நாக்கைக் கட்டிப்போட்டவன் சொல்கிறேன், அந்தச் சாக்கு செல்லாது.

நான் உன் வீட்டுக்குத் திரும்பி வரத் தூது விடவில்லை. அந்த டிவி அந்தச் சுவரில் இருக்கும்வரை நீ கூப்பிட்டாலும் வரமாட்டேன். வந்தால் அதன் முன்னால்தான் உட்காருவேன், என்னை எனக்குத் தெரியும். செல்வியின் அம்மா தனியாகத்தான் இருக்கிறாள், வாய் ஓயாமல் பேசுகிறவள். அவளைக் கூப்பிடு. அவள் வாய்க்குப் பயந்துதானே இவ்வளவு நாள் கூப்பிடவில்லை? இப்போது அந்த வாய்தான் வேண்டும். நீ தூங்க வேண்டுமானால் மொட்டை மாடியில் ஓர் அறை போட்டுக்கொள், காதில் பஞ்சு வை, நைட் வேண்டாம் என்று எழுதிக் கொடு. என்ன வேண்டுமானாலும் செய், குழந்தை வாயை மட்டும் அடைக்காதே. டாக்டரம்மாவிடம் திரும்பப் போகும்போது அந்த இரண்டு பதிலையும் மாற்றிச் சொல். "எங்க நைனா பொய் சொன்னாரு" என்றே சொல். எனக்கு அதில் மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை.

இதைப் படித்து முடித்ததும் உனக்குக் கோபம் வரும். வர வேண்டும். அம்மாவை அடித்ததற்காக, உன்னை வேடிக்கை காட்டியதற்காக, இத்தனை வருஷம் மறைத்ததற்காக, உன் மகள் கையைத் தட்டிவிட்டதற்காக. மன்னிப்பு கேட்டு இதை நான் எழுதவில்லை, கேட்டாலும் நீ கொடுக்காதே. ஆனால் உன் வழக்கப்படி அந்தக் கோபத்தை விழுங்கிவிட்டு, பேசாமல் போய் ரிமோட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடாதே. செல்வியைக் கூப்பிட்டு எதிரில் உட்கார வை. குழந்தையை நடுவில் வைத்துக்கொள். உன் வாயில் என்னென்ன வருகிறதோ அத்தனையும் சொல்லி என்னைத் திட்டு. நிறுத்தி நிறுத்தித் திட்டு. செல்வி பதில் சொல்லட்டும், அவளுக்கும் என்மேல் சொல்ல நிறைய இருக்கும். அவள் சொல்லி முடிக்கும்வரை காத்திரு. கிருபா உங்கள் இரண்டு முகத்தையும் மாறி மாறிப் பார்க்கட்டும். திட்டு எவ்வளவு கெட்ட திட்டாக இருந்தாலும் பரவாயில்லை.

டிவியை நிறுத்திவிட்டுத் திட்டு.

உன் நைனா